ஊரும் காற்றும்

உண்ணும் உணவில் நமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். பருகும் நீரைக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளலாம். உடுக்கும் உடையை ஊருக்கும் பருவத்திற்கும் தக்கவாறு மாற்றிக்கொள்ளலாம். காற்றை மட்டும் அவ்வாறு தேர்ந்துகொள்ள இயலாது. நாம் எங்கே நிற்கிறோமோ அங்கே இருக்கும் காற்றே நம் காற்று. நிமிடத்திற்கு 15 முறை என்று கணக்கிட்டாலும், ஒரு நாளில் நாம் 20,000 முறைக்கு மேல் மூச்சு விடுகிறோம். உறங்கும்போதும் அத்தொழில் ஓய்வதில்லை. ஆகவே, ஒருவர் ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்குக் குடிபெயர்கிறார் என்றால், அவர் முதன்முதலில் மாற்றிக்கொள்வது உணவும் அன்று, மொழியும் அன்று, காற்றே ஆகும். அயல்நாட்டிற்குப் பணிக்குச் செல்வோர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கின்றனர். வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்கின்றனர். குளிரைப் பற்றியும் கேட்கின்றனர். அந்நாட்டின் காற்றைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே.

நான் வாழ்வது தாம்பரத்தை அடுத்த சேலையூரில். காற்றைப் பற்றி எண்ணுவதற்கு இதைவிடத் தக்க இடம் ஒன்று இல்லை என்றே சொல்லலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில், குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையம் வரும். நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் அங்கே ஏறி இறங்குகின்றனர். சானடோரியம் என்றால் என்ன என்று அவர்களுள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றைக் கொண்டு நோயாளிகளைத் தேற்றும் நலமனைக்கே அப்பெயர். ஒரு காலத்தில் தாம்பரம் காற்றுக்காகவே நாடப்பட்ட ஊர்.

அந்த நலமனையை 1928-ஆம் ஆண்டில் பச்சைமலையின் அடிவாரத்தில் நிறுவியவர் டாக்டர் சௌரிமுத்து என்னும் தமிழர். அவர் இங்கிலாந்தில் நெடுங்காலம் வாழ்ந்து, சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்காக ஒரு நலமனையை நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையிலிருந்து கப்பலேறியபோது, அதே கப்பலில் சௌரிமுத்துவும் பயணம் செய்தார். கப்பலில் அறிமுகமான அவ்விருவரும் 1917-ஆம் ஆண்டில் மருத்துவராகவும் நோயாளியாகவும் மீண்டும் சந்திக்க நேர்ந்தது. இராமானுஜன் சில காலம் அந்தக் குன்றுப் புறத்து நலமனையில் தங்கினார். அவருக்கு வந்த நோய் காசம்தானா என்பதைப் பற்றிப் பிற்கால மருத்துவர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். அது எதுவாயினும், 1919-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அவர், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அயல்நாடு அவருக்குப் புகழைத் தந்தது; உடல்நலத்தை அவர் அங்கே இழந்தார். அறிவைத் தேடியோ அறிவைக் கற்பிக்கவோ கடல் கடப்பவர்கள் அவருடைய வாழ்க்கையின் இந்தப் பகுதியையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தாம்பரத்து நலமனையை 1937-ஆம் ஆண்டில் அரசு ஏற்றது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நகரத்தின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கற்பிக்க வந்த ஆசிரியர்கள் தங்கள் நாட்டுக் குளிர்காற்றை மறந்து, இங்குள்ள வெப்பக் காற்றிற்குப் பழகினர். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் அக்கல்லூரி வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். இன்றும் அந்தச் சாலையில் நடக்கும்போது காற்றின் வெம்மை குறைவதை உடல் உணர்கிறது.

நல்ல காற்று நோயைத் தீர்க்குமா? அக்காலத்தில் காசநோயை வெல்லும் மருந்து இல்லாமையால், காற்றையும் ஓய்வையும் நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1943-ஆம் ஆண்டில் ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் வந்தன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம், காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும் அவரவர் வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உலகம் காசநோயை நோக்கும் முறையையே மாற்றியது. நல்ல காற்று நல்லதே; ஆயினும் அது மருந்து ஆகாது என்பதைச் சென்னை நகரமே உலகிற்கு உணர்த்தியது.

தாம்பரத்துக் காற்றும் பழைய காற்றாக இல்லை. பெருஞ்சாலையில் லாரிகளும் பேருந்துகளும் இரவு பகலாகச் செல்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பை மேட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பற்றிய தீ, பல நாள் புகைந்தது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று, மக்கள் எரித்த பழம்பொருள்களின் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தை மூடின. பல விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. இத்தகைய புகையில் உள்ள நுண்துகள்களுள் கொடியவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை எண்ணினால், அவற்றின் நுண்மை விளங்கும். மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க இயலா. அவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். காற்றில் அவற்றின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் நாட்டின் வரம்பு 40 மைக்ரோகிராம்.

இவற்றையெல்லாம் நான் ஊன்றி எண்ண நேர்ந்ததற்குக் காரணம் என் தமையனின் மகள். அவள் கணித ஆசிரியை. பிள்ளைப் பருவம் முதலே அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. போகியன்று விடியுமுன் சன்னல்களை அடைத்து, ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். அவளுக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி கிடைத்தது. உற்றார் அனைவரும் மகிழ்ந்தனர். "அங்கே தொழிற்சாலைப் புகை இல்லை, காற்று கண்ணாடி போல் இருக்குமாம். போன மறுவாரமே உன் இழுப்பு பறந்துவிடும்" என்றனர். அவள் மட்டும் என்னிடம் தனியே வந்து, "சித்தப்பா, எல்லாரும் சொல்வது உண்மைதானா? அங்கே எனக்குத் துணைக்கு யாரும் இல்லை. நள்ளிரவில் மூச்சு முட்டினால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு வாழ்த்து விடையாகாது. ஆகவே இருவரும் சேர்ந்து நூல்களைப் படித்தோம், மருத்துவரையும் கண்டோம்.

புகை ஒரு பகை. ஒவ்வாமை வேறொரு பகை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பலருடைய மயக்கத்திற்குக் காரணம். புகை எல்லார்க்கும் தீங்கு செய்யும். ஒவ்வாமையோ, பிறர்க்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளும் ஒருவர்க்குத் தீங்காவது. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் கிளமன்ஸ் வான் பிர்க்கே உருவாக்கினார். ஒரு வீட்டுக் காவலன், கள்வனைத் தடுப்பதற்குப் பதிலாக, வாயிலில் நிற்கும் விருந்தினனைக் கள்வன் என்று கருதி ஊரைக் கூட்டினால் எப்படி இருக்கும்? நம் உடலின் காவற்படை அவ்வாறு ஏதுமறியாத மகரந்தத் தூளைப் பகை எனக் கொண்டு போர் தொடங்குகிறது. அந்தப் போரில் மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, சிலர்க்கு மூச்சுக்குழல் சுருங்கி இழுப்பு உண்டாகிறது. நம் ஊர்ப்புறங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சிகளும் இங்குள்ள பலர்க்கு இத்தொல்லையைத் தருகின்றன.

மெல்போர்னில் புகை குறைவு என்பது பெரும்பாலான நாட்களில் உண்மையே. ஆனால் அந்நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பரந்த புல்வெளிகள் உள்ளன. அங்கே மேய்ச்சலுக்காக விளையும் ரைப்புல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூக்கும். நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை பெய்யும் அக்காலம் அவர்களுக்கு இளவேனில். 2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, கடும் வெயிலுக்குப் பின் இடியும் காற்றும் அந்நகரத்தின்மேல் வீசின. அடுத்த சில மணி நேரத்திற்குள் மூச்சு முட்டிய மக்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளை நாடினர். ஆம்புலன்சு வண்டிகள் போதவில்லை. பத்துப் பேர் உயிரிழந்தனர்.

என்ன நேர்ந்தது? புல்லின் மகரந்தத் தூள் சற்றே பெரியது. ஆகவே, வழக்கமான நாட்களில் அது மூக்கிலேயே தங்கித் தும்மலை மட்டும் உண்டாக்கும். அன்றைய புயற்காற்று அதனை வாரி எடுத்து நகரத்திற்குக் கொண்டுவந்தது. ஈரம் பட்டு அத்தூள்கள் வெடித்து, மிக நுண்ணிய துகள்களாகச் சிதறின. அத்துகள்கள் நுரையீரலின் ஆழத்திற்குச் சென்றன. அன்று துன்புற்றவர்களுள் பலர்க்கு அதற்குமுன் இழுப்பு நோய் என்பதே தெரியாது. இளவேனிலில் தும்மும் இயல்பு மட்டுமே அவர்களுக்கு இருந்தது. இந்தியா முதலிய ஆசிய நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்களும் அவர்களுள் மிகுதியாக இருந்தனர். புதிய நாட்டின் மகரந்தத்தை உடல் பகையென்று கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆதலின், சென்ற முதல் ஆண்டில் நலமாக இருந்தது, பின்னும் நலமாகவே இருப்போம் என்பதற்குச் சான்று ஆகாது.

காட்டுத் தீயையும் மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் காட்டுத் தீயின் புகை அதே மெல்போர்னைச் சூழ்ந்தது. டென்னிசு ஆட வந்த வீராங்கனை ஒருவர் இருமல் தாங்காமல் ஆட்டத்தை இடையில் விட்டு விலகினார். தூய்மைக்குப் பெயர்பெற்ற சிங்கப்பூரும் இதற்கு விலக்கு அன்று. இந்தோனேசியாவின் சதுப்புக் காடுகள் எரியும் ஆண்டுகளில் அப்புகை கடலைக் கடந்து வரும். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அங்குள்ள தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் புகையின் காரணமாக மூடப்பட்டன. நாட்டின் எல்லையில் அதிகாரிகள் மனிதரின் பயணச் சீட்டைப் பார்த்து நிறுத்தலாம். புகையை நிறுத்துவார் யார்?

இவற்றைப் படித்தபின், "அப்படியானால் நான் போகவே கூடாதா, சித்தப்பா?" என்று அவள் கேட்டாள். "அம்மா, கடலில் அலை உண்டு என்று அறிந்தபின் மீனவன் கரையிலேயே இருந்துவிடுவதில்லை. எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும் என்று அறிந்து படகை இறக்குகிறான். நீயும் அவ்வாறே செய்" என்றேன்.

அவள் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதினாள். அவ்வூரில் எந்த மாதங்களில் காற்று கெடுகிறது? அது புகையால் கெடுகிறதா, மகரந்தத்தாலா? நாள்தோறும் காற்றின் நிலையை அறிவிப்பவர் யார்? என் மருந்து அங்கே எந்தப் பெயரில் கிடைக்கும்? பள்ளியில் எனக்கு மூச்சு முட்டினால் உதவுவார் யார்? ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடினாள். விக்டோரியா மாநில அரசு, 2016-ஆம் ஆண்டின் துயருக்குப் பின், புல் பூக்கும் பருவத்தில் இடிப்புயல் இழுப்புக்கு முன்னறிவிப்புத் தருகிறது என்பதை அறிந்தாள். மருந்தை வணிகப் பெயரால் மட்டும் அறிந்திருத்தல் போதாது என்று மருத்துவர் எடுத்துரைத்தார். நாம் சால்பியூட்டமால் என்று வழங்கும் மருந்தையே அமெரிக்காவில் அல்பியூட்டரால் என்கின்றனர் என்று சான்றும் காட்டினார். மூச்சு முட்டும்போது உடனே தணிக்கும் இன்ஹேலர் வேறு, முட்டாமல் நாள்தோறும் காக்கும் இன்ஹேலர் வேறு என்றும், உடல் நலமாக இருக்கிறது என்று இரண்டாவதைத் தாமாக நிறுத்திவிடலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

ஐந்தாவது கேள்வியே அவளுக்குக் கடினமாக இருந்தது. அதற்கு விடை பெற வேண்டுமானால், தனக்கு நோய் உண்டு என்று தலைமையாசிரியருக்கு எழுத வேண்டும். "சொன்னால், நோயாளி எதற்கு என்று வேலையை மறுத்துவிட்டால்?" என்று அஞ்சினாள். அவ்வச்சம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. நோயை மறைத்தே வேலை தேட வேண்டிய நிலை உலகில் பலர்க்கு உண்டு. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால், அதைப் பெற்றோர் என்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்பேன்? எனக்கு ஒரு முறை, பிள்ளைக்கு ஒரு முறையா?" என்று தானே விடை கண்டு, கடிதத்தை எழுதினாள்.

மறுமொழி வரும்வரை பத்து நாட்கள் அவள் சரியாக உறங்கவில்லை. மறுமொழி சுருக்கமாக இருந்தது. அங்கே இழுப்பு உள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் மருத்துவர் எழுதித் தந்த செயல்திட்டம் ஒன்றைப் பள்ளியில் கொடுத்து வைத்திருப்பார்களாம். அத்தகைய திட்டம் ஒன்றை அவளும் கொடுத்தால் அலுவலகத்தில் வைத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். பணியைப் பற்றி வேறொரு சொல்லும் இல்லை.

அவள் சென்றாள். முதல் இளவேனிலில், நவம்பர் மாதத்து ஒரு நாள் முன்னறிவிப்பு வந்தது. அவள் மாலை வகுப்பை உள்ளேயே நடத்தி, சன்னல்களை மூடச் செய்து, வீடு திரும்பியதும் புயல் ஓயும்வரை வெளியே வரவில்லை. இரவில் எனக்கு எழுதினாள்: "இடி இடித்தது, மழை பெய்தது, எனக்கு ஒன்றும் நேரவில்லை." வருமுன் காத்தவர்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறுதான் முடியும். அதில் வீரச் செயல் எதுவும் இராது. ஒன்றும் நேரவில்லை என்பதே அதன் வெற்றி.

ஆனால் ஊரை விட்டுச் செல்வோர் சிலர். ஊரிலேயே வாழ்வோர் பலர். தாம்பரத்துப் பெருஞ்சாலை ஓரத்தில் பூக்கட்டி விற்கும் பெண்ணுக்கும், பெருங்குடிக் குப்பை மேட்டை அடுத்து வாழும் குழந்தைக்கும் காற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. அவர்கள் இருக்கும் இடத்திற்கு நல்ல காற்று வர வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. அதனை அரசின் சட்டம் ஒருபுறம் செய்யட்டும். மாணவர்களாகிய நீங்களும் செய்யத்தக்கது உண்டு. உங்கள் வகுப்பில் உடன் அமர்ந்திருக்கும் தோழனுக்கு இழுப்பு உண்டா, அவனுடைய இன்ஹேலர் பையில் எங்கே இருக்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதைக் கேட்பது இழிவும் அன்று. சொல்வது நாணத்தக்கதும் அன்று. போகியன்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் தீயில் இட எவரேனும் எடுத்து வந்தால், அடுத்த தெருவில் ஈரத் துணியோடு அமர்ந்திருக்கும் ஒருவரை நினைத்துத் தடுத்து நிறுத்துங்கள். நாம் வெளியே விடும் புகை நம் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. அது அடுத்தவர் மூச்சாகிறது.